மாமன் மடியில் ஒரு கேஸ்

என் அலுவலகத்துக்கு வந்து அழுதவர்கள் இரண்டே வகை. நான் கொடுத்த ரிப்போர்ட்டால் கல்யாணம் நின்றுபோனவர்கள் ஒரு வகை. நான் கொடுத்த ரிப்போர்ட்டை நம்பிக் கல்யாணம் செய்துகொண்டவர்கள் இன்னொரு வகை. அன்று காலை வந்தவர் இரண்டிலும் சேராதவர். உட்கார்ந்ததும் ஒரு ஜவுளிக்கடைப் பையை மேஜைமேல் வைத்துவிட்டு, கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பெயர் சுப்பிரமணி என்றார்.

"என் அக்கா பொண்ணு சார். பேரு இனியா. பத்தொம்பது வயசு. மில்லுக்கு வேலைக்குப் போன புள்ள, ஹாஸ்டல்ல இருந்து சொல்லாம கொள்ளாம எங்கயோ போயிட்டா. நான்தான் தாய்மாமன். என்னை விட்டா அவளுக்கு யாரும் இல்ல."

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பெயர் சக்கரபாணி. திருவண்ணாமலையில் சன்னதித் தெரு லாட்ஜ் ஒன்றின் மாடியில் 'சக்கரபாணி துப்பறியும் நிலையம்' நடத்துகிறேன். ஒரு காலத்தில் எஸ்.ஐ. தேர்வுக்குத்தான் போனேன். ஓட்டப்பந்தயத்தில் என் தொப்பை எனக்கு முன்பே கோட்டைத் தொட்டும் என்னைச் சேர்த்துக்கொள்ள மறுத்துவிட்டார்கள். எதிர் மேஜையில் இருப்பவள் என் உதவியாளர் பொன்னி. எம்.எஸ்ஸி. படித்தவள். வேறு வேலை கிடைக்கும்வரை என்று வந்தாள். வேறு வேலைகள் கிடைத்தன. 'இந்த மாதிரி சிரிப்பு அங்க கிடைக்காது சார்' என்று இங்கேயே தங்கிவிட்டாள்.

"இந்தாங்க, இது அவளுக்கு வாங்கின பட்டுப்புடவை" என்று பையைத் தட்டினார் சுப்பிரமணி. "கண்டதும் கையில குடுக்கணும். அவ பொறந்தப்போ தொட்டில் கட்டினது நான். குலதெய்வக் கோயில் வாசல்ல மொட்டை அடிச்சுக் காது குத்தினப்போ என் மடியிலதான் உக்காந்திருந்தா. பத்தர் ஊசியை எடுத்ததும் என் சட்டையைப் புடிச்சுக்கிட்டு அழுதா பாருங்க… அந்தச் சட்டையை இன்னும் வெச்சிருக்கேன் சார்."

நானும் கைக்குட்டையை எடுத்தேன். என் மாமா ஞாபகம் வந்துவிட்டது. என் காதுகுத்தில் நான் பத்தரின் கையைக் கடித்துவைத்ததாகவும், அதற்கு மாமாதான் மன்னிப்புக் கேட்டார் என்றும் வீட்டில் இன்றைக்கும் சொல்வார்கள். தாய்மாமன் என்றால் சும்மாவா?

"போலீஸ்ல சொல்லலீங்களா?" என்று பொன்னி கேட்டாள்.

"பொண்ணு விஷயம்மா. வெளிய தெரிஞ்சா பேர் கெட்டுடும்."

இந்த ஒரு வாக்கியத்தால்தான் என் அலுவலகத்தில் விளக்கு எரிகிறது. நான் பலமாகத் தலையாட்டினேன்.

அவர் தன் போனில் ஒரு படத்தைக் காட்டினார். இனியா தானே எடுத்துக்கொண்ட படம். கூட வேலை செய்த மணிமொழி என்ற பெண்ணுக்கு அனுப்பியிருக்கிறாள், அந்தப் பெண் மாமனிடம் காட்டியிருக்கிறாள். அதற்குப் பிறகு இனியா போன் நம்பரை மாற்றிவிட்டாளாம்.

பச்சைச் சேலை கட்டிய பெண். காதில் கல் மின்னியது. வாய் கொள்ளாத சிரிப்பு. பின்னால் ஒரு மதில், மதிலுக்கு அப்பால் மலை.

எந்த மலை என்று கேட்காதீர்கள். எங்கள் ஊர்க்காரனுக்கு மலை என்றால் ஒன்றுதான். அதைச் சுற்றிச் சுற்றி வந்து வளர்ந்தவர்கள் நாங்கள். எந்தப் பக்கத்தில் நின்று பார்த்தால் முகடு எப்படித் தெரியும், எந்தப் பக்கம் சரிவு நீளும் என்பது எங்களுக்குத் தூக்கத்திலும் தெரியும். நான் படத்தைப் பார்த்தேன். கண்ணை மூடினேன். திறந்தேன். இந்த மாதிரி நேரத்தில் அப்படிச் செய்வது என் வழக்கம்.

"கீழ்பென்னாத்தூர் பக்கம்" என்றேன்.

சுப்பிரமணி அசந்துவிட்டார். "எப்படி சார்?"

"தொழில்" என்றேன். "நீங்க வண்டியை எடுத்துக்கிட்டு மத்தியானம் கீழ்பென்னாத்தூர் பஸ் ஸ்டாண்டுக்கு வந்துடுங்க. பொண்ணை ஒப்படைக்கிறது என் பொறுப்பு."

அவர் கும்பிட்டார். படத்தை என் போனுக்கு அனுப்பிவிட்டுப் பட்டுப்புடவையோடு இறங்கிப் போனார். படியிறங்கும் சத்தம் அடங்கியதும் பொன்னி என் போனை எட்டிப் பார்த்தாள்.

"சார், படத்துல மலை இம்மாம் பெருசா இருக்குது. கீழ்பென்னாத்தூர்ல இருந்து பார்த்தா சின்னதாத்தானே தெரியும்?"

"ஜூம் பண்ணியிருப்பா."

"செல்ஃபி எடுக்கிறவங்க மலையை ஜூம் பண்ணுவாங்களா சார்?"

"பொன்னி, அனுபவம்னு ஒண்ணு இருக்குது."

"அதுதான் சார் எனக்கும் பயமா இருக்குது" என்று ஸ்கூட்டர் சாவியை எடுத்தாள்.

கீழ்பென்னாத்தூரில் என் அனுபவம் செய்த வேலையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நெல் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தவர்களிடம் படத்தைக் காட்டினேன். இது யார் வீட்டு மருமகள் என்று அவர்கள் என்னையே திருப்பிக் கேட்டார்கள். வேர்க்கடலை மண்டியில் ஒருவர் படத்தைப் பார்க்காமலே 'தெரியும்' என்றார், பார்த்துவிட்டு 'தெரியாது' என்றார். பஸ் ஸ்டாண்டுக்கு எதிர் டீக்கடைக்காரர் படத்தை நன்றாகப் பார்த்தார். பிறகு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"பொண்ணு லட்சணமா இருக்குது. மாப்பிள்ளை நீங்களா?"

"இல்லைங்க, நான் டிடெக்டிவ்."

"அதானே பார்த்தேன். வயசு வித்தியாசம் ஜாஸ்தியா இருக்குதேன்னு."

பொன்னி டீ கிளாசுக்குள் சிரித்தாள். மசால்வடை சுமார். எனக்கு வயிறும் காய்ந்து முகமும் காய்ந்திருந்தது. டீக்கடைக்காரரின் மனைவி வாளியோடு வந்து வாசலில் தண்ணீர் தெளித்தார். பொன்னி அந்த அம்மாவைப் பார்த்தாள். என் கையிலிருந்த போனைப் பிடுங்கிப் படத்தைப் பார்த்தாள். மறுபடியும் அந்த அம்மாவைப் பார்த்தாள்.

"சார், படத்துல இந்தப் பொண்ணுக்கு முந்தானை எந்தத் தோள்ல இருக்குது?"

"வலது தோள்ல."

"அந்த அக்காவுக்கு?"

"இடது தோள்ல."

"உங்க வீட்டம்மாவுக்கு? எங்க அம்மாவுக்கு? இந்த ஜில்லாவுல சேலை கட்டுற அத்தனை பேருக்கும்?"

யோசித்தேன். "ஒருவேளை இவ வடக்கத்திப் பொண்ணா இருப்பாளோ?"

பொன்னி என்னைப் பார்த்த பார்வையில் எம்.எஸ்ஸி. முழுவதும் தெரிந்தது. "செல்ஃபி சார். கண்ணாடில பார்க்கிற மாதிரி விழுந்திருக்குது. இடது வலதாயிடுச்சு. முந்தானை மாறினா மலையும் மாறியிருக்கும் இல்ல?"

போனில் எதையோ தட்டிப் படத்தைத் திருப்பிக் காட்டினாள். முந்தானை இடது தோளுக்கு வந்தது. மலையும் திரும்பி உட்கார்ந்தது. சரிவு எதிர்ப்பக்கம் நீண்டது. கிழக்கே நின்று பார்த்த மலை மேற்கே நின்று பார்த்த மலை ஆயிற்று. டீக்கடைக்காரர் கூட எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அட, இது அடி அண்ணாமலைங்க!"

வாழ்நாள் முழுக்கப் பார்த்த மலையை நான் ஒரு போனில் கோட்டை விட்டேன். அது வெளுத்ததோ ஒரு மசால்வடை தின்று முடிப்பதற்குள்.

"அந்த சுப்பிரமணி சாருக்குப் போன் போட்டு இடம் மாறிடுச்சுன்னு சொல்லிடலாமா?" என்றாள் பொன்னி ஸ்கூட்டரில் ஏறும்போது.

"வேணாம். முதல்ல பொண்ணைக் கண்ணால பார்ப்போம். இன்னொரு தடவை தப்பாயிட்டா மானம் போயிடும்."

என் வறட்டு கௌரவம் என்னைப் பலமுறை குழியில் தள்ளியிருக்கிறது. அன்றைக்கு மட்டும் அது வேறு ஒரு வேலை செய்தது. அது அப்போது எனக்குத் தெரியாது.

பௌர்ணமி இல்லாத நாளில் கிரிவலப் பாதை காலியாகக் கிடக்கும். அடி அண்ணாமலையில் சாலையை ஒட்டி ஒரு மாடி வீடு. கீழே முன்பகுதியைத் திறந்துவிட்டுச் சாப்பாட்டுக் கடை ஆக்கியிருந்தார்கள். 'புது வாசல் உணவகம்' என்று பலகை. மதிலும், மதிலுக்கு அப்பால் மலையும் படத்தில் இருந்தபடியே இருந்தன. எனக்கு மார்பு விம்மியது. பொன்னி கண்டுபிடித்ததை என்னுடையதாக நினைத்துக்கொள்ள எனக்கு வழி நெடுக நேரம் இருந்தது.

உள்ளே சமைப்பதும் பரிமாறுவதும் எல்லாம் இளம் பிள்ளைகள். நாங்கள் பூரிக்குச் சொல்லிவிட்டு உட்கார்ந்தோம். மாவு திரட்டிக்கொண்டிருந்த பெண் பச்சைச் சேலை. அவள்தான். குனிந்து உருட்டியபோது காதிலிருந்து ஏதோ பறந்து மாவில் விழுந்தது.

"இனியா, மறுபடியும் உன் கம்மல் மாவுல!" என்று அடுப்பருகே இருந்தவள் கத்தினாள். "ஒரு நாளைக்கு யாரோ கம்மல் பூரி சாப்பிடப் போறாங்க பாரு!"

எல்லோரும் சிரித்தார்கள். இனியாவும் சிரித்துக்கொண்டே கல்லைப் பொறுக்கித் துடைத்து மறுபடி காது மடலில் ஒட்டிக்கொண்டாள். பொன்னி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பார்க்கவில்லை. நான் எழுந்து நின்று தொண்டையைச் செருமிக்கொண்டிருந்தேன். நல்ல செய்தியை நின்றுகொண்டு சொல்வதுதான் எனக்குப் பிடிக்கும்.

"இனியா, பயப்படாதம்மா. உன்னைத் தேடி உன் தாய்மாமன் வந்திருக்காரு. பட்டுப்புடவையோட."

பொன்னி என் காலை மிதித்தாள். ஆனால் வாக்கியம் முடிந்துவிட்டது.

சிரிப்பு நின்றது. இனியா கூச்சல் போடவில்லை, ஓடவில்லை. உருட்டுக்கட்டையைச் சத்தமில்லாமல் மணையில் வைத்தாள். கையில் இருந்த மாவைத் தட்டிவிட்டு உள்ளே போனாள். எண்ணெய்ச் சட்டியில் ஒரு பூரி கருகிக்கொண்டிருந்தது, அதை யாரும் எடுக்கவில்லை.

உள்ளிருந்து ஐம்பது வயது மதிக்கத்தக்க அம்மா ஒருவர் வந்தார். அந்த வீட்டை நடத்தும் அருணாதேவி. நான் என் கார்டை நீட்டினேன். அவர் அதை வாங்கவில்லை.

"யாரு உங்களை அனுப்பினது?"

"பொண்ணோட தாய்மாமன். சுப்பிரமணின்னு…"

"மேடம்," என்று பொன்னி குறுக்கே வந்தாள், "இனியாவுக்குக் காது குத்தலையா?"

அருணாதேவி அவளை விசித்திரமாகப் பார்த்தார். "இல்லை. காது குத்த மாமன் வேணும் இல்லையா? அவ அம்மா ஒத்தைப் பொண்ணு. மாமன் முறையில யாரையாவது தேடிப் பண்ணலாம்னு இருக்கிறதுக்குள்ள அம்மா போய்ட்டாங்க. அப்புறம் அதை யார் எடுத்துச் செய்வாங்க? வெறுங்காதைப் பார்த்து மத்தவங்க கேலி பண்ணுவாங்கன்னு சின்ன வயசுல இருந்து ஒட்டுக் கம்மல்தான்."

பொன்னி என் பக்கம் திரும்பினாள். குரலில் கிண்டலே இல்லை. "சார், காலையில அந்த ஆளு இன்னா சொன்னாரு? யார் மடியில உக்காந்து காது குத்திக்கிட்டா?"

தாய்மாமனாக நடிக்க வந்தவன் தாய்மாமன்கள் எல்லோரும் சொல்வதைச் சொல்லியிருக்கிறான். எந்தப் பெண்ணுக்குத்தான் காது குத்தாமல் இருப்பார்கள் என்ற தைரியம். படத்திலும் அவள் காதில் கம்மலைப் பார்த்தவன் வேறு எப்படி நினைப்பான்? அந்தப் பொய்யைக் கேட்டுக் கண்கலங்கிய மேதை நான்தான். ஒரு சின்னப் பையன் கூடக் கொஞ்சம் யோசித்திருப்பான். நான் ஒரு பட்டுப்புடவைப் பையைப் பார்த்து ஒரு பெண்ணின் விலாசத்தை விற்கக் கிளம்பியிருக்கிறேன்.

அருணாதேவி மெதுவான குரலில் விஷயத்தைச் சொன்னார். வேலை வாங்கித் தருகிறேன் என்று இனியாவை அழைத்துப்போனவன் பெயர் முருகவேல், ஆள் பிடிக்கும் ஏஜென்ட். மில்லில் சம்பளமும் இல்லை, வெளியே விடுவதும் இல்லை. தப்பித்து வந்தவள் இந்த ஊர் பஸ் ஸ்டாண்டில் படுத்துக் கிடந்திருக்கிறாள். இந்த வீட்டில் இருப்பவர்கள் எல்லோருமே அப்படி ஏதோ ஒரு இடத்திலிருந்து மீண்டவர்கள், அல்லது போக ஒரு வீடே இல்லாதவர்கள். தங்க இடம், வேலை, படிக்க ஆசை இருந்தால் படிப்பு. யாரும் யாருடைய பழைய கதையையும் கேட்கக் கூடாது என்பது ஒன்றுதான் சட்டம்.

"வர்ற வாரம் கோர்ட்ல அவன் மேல சாட்சி சொல்லப்போறா" என்றார். "அதுக்குள்ள அவளைத் தூக்கிடணும்னுதான் அவனுக்கு அவசரம். இங்க வர்ற பிள்ளைங்க ரொம்ப நாளைக்குத் துணிப்பையைப் பிரிக்கவே மாட்டாங்க. கட்டி வெச்சதைக் கட்டிலுக்கு அடியிலயே வெச்சிருப்பாங்க, எப்ப ஓடணுமோன்னு. இவ போன வாரந்தான் பிரிச்சு அலமாரில அடுக்கினா."

அப்போது இனியா வெளியே வந்தாள். கையில் பை. கட்டியாகிவிட்டது.

"நான் கிளம்பறேன்க்கா. நான் இருந்தா உங்க எல்லாருக்கும்தான் கஷ்டம். வெளிய போட்டோ அனுப்பக் கூடாதுன்னு நீங்க சொன்னீங்க, நான்தான் கேக்கல. மணிமொழிக்கு மட்டும்தானேன்னு அனுப்பிட்டேன். நான் வெளிய வந்து சிரிக்கிறதைப் பார்த்தா அவளும் தைரியமா வெளிய வருவான்னு…"

எனக்கு வெட்கமாக இருந்தது. இந்தத் தொழிலில் நான் பட்ட அவமானங்களுக்குக் குறைவில்லை, ஆனால் எதுவும் இப்படி உறுத்தியதில்லை. ஏதாவது சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். என் போன் அடித்தது. திரையில் 'சுப்பிரமணி'.

பொன்னி என் காதருகே வந்தாள். "ஸ்பீக்கர்ல போடுங்க சார். நடிக்கவே வேணாம். எப்பவும் போலப் பேசுங்க, அது போதும்."

"சார், கீழ்பென்னாத்தூர் வந்துட்டேன். பஸ் ஸ்டாண்டு பக்கத்துல வேன்ல இருக்கேன். நீங்க எங்க?"

அவன் அங்கே இருந்தான். நான் காலையில் அனுப்பிய இடத்தில். மலைக்கு அந்தப் பக்கம்.

"வந்துட்டீங்களா? நல்லது, நல்லது" என்றேன். என் குரல் எப்போதும் கொஞ்சம் முட்டாள்தனமாகத்தான் இருக்கும், அதனால் மாற்றம் தெரிந்திருக்காது. "பொண்ணு இருக்கிற வீட்டைக் கண்டுபிடிச்சாச்சு. நெல்லு மண்டிக்குப் பின்னாடி. ஒரே ஒரு சிக்கல். இதே ஜாடையில இன்னொரு பொண்ணும் அந்தத் தெருவுல இருக்குது. தப்பான பொண்ணைக் கூப்பிட்டுட்டா அடி எனக்குத்தான் விழும். அடையாளம் ஏதாவது சொல்லுங்க. அந்தக் காதுகுத்து சொன்னீங்களே, காதுல தழும்பு கிழும்பு…"

"இருக்கு சார்!" என்றான் உடனே. "வலது காதுல. பத்தர் ஊசி வெச்சப்ப தலையை ஆட்டிட்டா. ஓட்டை கொஞ்சம் கீழ எறங்கிடுச்சு. என் வேட்டியெல்லாம் ரத்தம். நான்தான் மஞ்சளை வெச்சு அமுக்கினேன். மாமா மாமான்னு ஒரே அழுகை. இன்னிக்கும் அந்தக் காதைப் பார்த்தா எனக்கு நெஞ்சு பதறும்."

கடையில் இருந்த அத்தனை பேரும் இனியாவின் வலது காதைப் பார்த்தார்கள். அவள் கையை உயர்த்தி ஒட்டுக் கம்மலைப் பிய்த்தெடுத்தாள். காது மடல் ஊசி படாமல் முழுசாக இருந்தது. சத்தம் வராமல் உதட்டை மட்டும் அசைத்தாள். 'முருகவேல்.'

அருணாதேவி அதற்குள் தன் போனோடு உள்ளே போய்விட்டார். ஆள் கடத்தல் தடுப்புப் பிரிவு இன்ஸ்பெக்டரின் நம்பர் அவருக்கு மனப்பாடம்.

"நல்ல அடையாளம்" என்றேன். "ஆனா பொண்ணு வர மாட்டேன்னு அடம் புடிச்சா?"

அவன் சிரித்தான். "அதுக்கும் ஏற்பாடு பண்ணியிருக்கேன் சார். அவ சிநேகிதி மணிமொழியைக் கூடவே கூட்டியாந்திருக்கேன். வேன்ல பின்னாடி உக்காந்திருக்கா. அவளைப் பார்த்தா இவ தானா வந்து ஏறிக்குவா."

இனியாவின் கையிலிருந்து பை விழுந்தது. நான் போனை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டேன். இனி அந்த வேன் நகர்ந்தால் மணிமொழியும் கைவிட்டுப் போவாள், அவனும் தப்பிவிடுவான் என்பது எனக்கே புரிந்தது.

"பிரமாதம்! அப்ப வேனை எடுக்காதீங்க. எதிர்ல டீக்கடை இருக்குது பாருங்க, அங்கயே இருங்க. கடைக்காரர் நல்ல மனுஷன். மசால்வடை சுமார்தான், ஆனா டீ பரவாயில்லை. நான் வந்து கையைக் காட்டற வரைக்கும் தெருவுக்குள்ள வராதீங்க. உங்களைப் பார்த்தா அவ பின்பக்கமா ஓடிடுவா."

"சீக்கிரம் வாங்க சார்" என்று வைத்தான்.

அதன்பிறகு நான் அவனுக்கு அடிக்கடி போன் செய்தேன். முதலில் ஸ்கூட்டரில் பெட்ரோல் தீர்ந்துவிட்டது என்றேன். அடுத்து, தெருவுக்கு வந்துவிட்டேன், எந்த வீடு என்று மறந்துவிட்டேன் என்றேன். அதற்கும் அடுத்து, வீடு ஞாபகம் வந்துவிட்டது, ஆனால் அந்த வீட்டு நாய் என்னை மாட்டுத் தொழுவத்தின் மேல் ஏற்றிவிட்டது என்றேன். இதில் எதையும் நான் புதிதாகக் கற்பனை செய்யவில்லை. எல்லாம் வேறு வேறு கேஸ்களில் எனக்கு நிஜமாகவே நடந்தவை.

கடைசி முறை அவனுக்குப் பொறுமை போய்விட்டது. "யோவ், உன்னை மாதிரி ஒரு டிடெக்டிவை என் ஜென்மத்துல பார்த்ததில்ல! ஒரு பொண்ணைக் காட்டத் துப்பு இல்ல, நீயெல்லாம் ஒரு…"

அங்கே வண்டிக் கதவு திறக்கும் சத்தம். ஒரு கூச்சல். ஏதோ கிளாஸ் உடைந்தது. பிறகு ஒன்றுமே கேட்கவில்லை. இனியா என் கையிலிருந்த போனையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

போனில் ஒரு பெண் குரல் வந்தது. "ஹலோ. இன்ஸ்பெக்டர் பேசறேன். மாட்டுத் தொழுவத்து மேல இருக்கிறது நீங்கதானா?"

"ஆமாங்க."

"எறங்கிக்கலாம்."

அடுத்து இன்னொரு குரல், நடுங்கிக்கொண்டு. "இனியா இருக்காளா?"

இனியா என் கையிலிருந்து போனைப் பிடுங்கிக்கொண்டு மதிலோரம் போய்விட்டாள். நெடுநேரம் பேசினாள். நடுவில் ஒருமுறை அழுதபடி, "நான் அனுப்பின போட்டோவாலதான் உன்னை இழுத்தாந்துட்டான்" என்றது காதில் விழுந்தது. அருணாதேவி அவள் தோளில் கை வைத்தார்.

"அவ வெளிய வரணும்னுதானே அனுப்பின? வந்துட்டா பாரு."

சாயங்காலம் போலீஸ் ஜீப்பில் மணிமொழி வந்து இறங்கினாள். இரண்டு பெண்களும் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு நின்றதை நான் விவரிக்கப்போவதில்லை. நான் அப்போது சுவர்ப் பக்கம் திரும்பி மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தேன். திரும்பியபோது தரையில் கிடந்த பையை யாரோ எடுத்து உள்ளே கொண்டுபோயிருந்தார்கள்.

"சார்," என்றாள் பொன்னி, "நீங்க காலையில சரியாக் கண்டுபிடிச்சிருந்தா இன்னிக்கு இந்தப் பொண்ணு இங்க இருந்திருக்காது."

"பாராட்டா, திட்டா?"

"உங்க விஷயத்துல ரெண்டும் ஒண்ணுதான் சார்."

அன்றைக்கு ராத்திரி நான் வெகுநேரம் தூங்கவில்லை. இனிமேல் யாரையாவது தேடித் தரச் சொல்லி யார் வந்தாலும், அந்த ஆள் கண்டுபிடிக்கப்பட விரும்புகிறாரா என்று முதலில் விசாரிப்பது என்று முடிவு செய்தேன். பெரிய துப்பறியும் தத்துவம் ஒன்றும் இல்லை இது. பொன்னி இதை வேலைக்குச் சேர்ந்த அன்றே சொன்னாளாம். நான் அப்போது கண்ணை மூடித் திறந்துகொண்டிருந்திருப்பேன்.

அடுத்த வாரம் இனியா கோர்ட்டில் சாட்சி சொன்னாள். தீர்ப்பு வர நாளாகும். பட்டுப்புடவை வழக்குப் பொருளாகப் போய்விட்டது. சாட்சி சொல்லிவிட்டு வெளியே வந்த இனியா கேட்டது சாப்பாடு அல்ல, காது குத்தும் கடை. அருணாதேவி, மணிமொழி, பொன்னி, நான் எல்லோருமாகத் தேரடித் தெரு நகைக்கடை ஒன்றுக்குப் போனோம். இப்போதெல்லாம் பத்தர் இல்லை, ஊசி இல்லை. கையடக்கமாக ஒரு மெஷின் வைத்திருக்கிறார்கள்.

"மாமன் மடி வேணுமே" என்றாள் பொன்னி. "நம்ம சார் மடி காலியாத்தான் இருக்குது. இடமும் ஜாஸ்தி."

எல்லோரும் சிரித்தார்கள். நான் வெட்கத்தோடு தொப்பையை உள்ளே இழுத்துக்கொண்டேன். அது வரவில்லை. இனியா சிரிக்காமல் என்னைப் பார்த்தாள்.

"மடியெல்லாம் வேணாம் சார். நான் நாற்காலியிலயே உக்காந்துக்கறேன். நீங்க பக்கத்துல நில்லுங்க."

நின்றேன். கடைக்காரர் மெஷினை வலது காதருகே கொண்டுவந்தார். இனியா ஒரு கையால் மணிமொழியின் கையைப் பிடித்துக்கொண்டாள். இன்னொரு கை காற்றில் தேடி என் சட்டை நுனியைக் கொத்தாகப் பற்றியது. 'டிக்' என்று ஒரு சத்தம். அவள் அழவில்லை. கண்ணை மூடிக்கொண்டது நான்தான்.

"சார், முடிஞ்சுடுச்சு, கண்ணைத் திறங்க" என்றாள் பொன்னி. "அந்தச் சட்டையைப் பத்திரமா வெச்சுக்குங்க."

வைத்திருக்கிறேன்.